வாழ் கசக்கிறது

டெரிக் கன்னியப்பன் கொண்டுவந்த தகர டப்பாவில்
ஏழு கடிதங்கள், ஒரு கப்பல் ஏட்டின் நகல்.
சர்க்கரைப் பாகின் வாடை இன்னும் போகவில்லை.
பக்கத்துக்கு நாற்பது ரேண்ட் என்று பேச்சு.
எழுத்துப் பிழைகளைத் திருத்திவிடுங்கள்,
குடும்பப் புத்தகத்தில் போடுகிறோம்
என்று ஆங்கிலத்தில் சொன்னான், இறங்கிப் போனான்.

வெருலம் கடைத்தெருவில், டாக்சி ஹார்ன்களுக்கு மேலே
மாடியறையில் உட்கார்ந்து பிரித்தேன்.
ஏடு சொல்கிறது:
கன்னியப்பன், தஞ்சாவூர் ஜில்லா, வலது முழங்காலில் தழும்பு.
கடிதம் சொல்கிறது:
"மயெ வுடல. கொயந்தெக்கி கெயங்கு குடு."

கண்ணால் படித்தவரை ஒன்றும் பிடிபடவில்லை.
வாய்விட்டுப் படித்ததும்
செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவன்
மேசைக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான்.
தஞ்சாவூர்க்காரன் 'மளெ'யில் அல்லவா நனைந்திருப்பான்?
யாருக்குப் பயந்து ஊரை மாற்றிச் சொன்னானோ.
கப்பல்காரனை ஏய்த்தாயிற்று.
நாக்கிடம் சொல்லிவைக்க மறந்துபோனான்.

அவன் மவுண்ட் எட்ஜ்கோம் ஆலையில்.
குள்ளம்மாள் டொங்காட் கரும்புக்காட்டில்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது;
கடைக் கணக்கர் படித்துச் சொல்ல, கேட்பாள்.

ஐந்தாம் கடிதத்துக்குள்
ராப்பள்ளிக்கூடத்தில் யாரோ
அவனுக்கு ழகரம் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.
புதுச் செருப்புக்காரன் மாதிரி
தேவையில்லாத இடத்திலெல்லாம் மிதிக்கிறான்:
"காழ்ச்சலோடு பாழில் கிடக்கிறேன்.
வாழ் கசக்கிறது."

காய்ச்சல். பாய். வாய்.
பென்சிலை எடுத்தேன்.
தேநீர் போடப் போனேன்.

திரும்பி வந்து தாளைப் புரட்டினால்
முதுகில் வேறொரு கை, ஊதா மை:
"எழுதியபடியே படித்துக் காட்டினேன்.
இது அவர் பேச்சில்லை என்கிறாள்.
ஆள் இருக்கிறாரா, இல்லையா,
அதை மட்டும் எழுதச் சொல்கிறாள்."

ஆறாவதில் மருந்துக்கும் ழகரம் இல்லை.
பென்சில் அழுத்திய இடம் கிழிந்திருக்கிறது.
"நாந்தான் குள்ளம்மா. பொயச்சிக்கினேன்."

டெரிக் போனில் கேட்டான்,
எத்தனை பிழை இருந்தது?
எண்ணவில்லை என்றேன்.
ஒன்றையும் தொடவில்லை, பாதிக் காசு போதும்.
அப்படியானால் இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?

ஏழாவதை அவனுக்கு வாசித்தேன்.
இரண்டே வரி. அவனுக்குத் தமிழ் தெரியாது,
இருந்தும் குறுக்கே பேசவில்லை.

"மண்ணெண்ணெ வெலெ ஏறிப்போச்சி.
ஞாயித்துக்கெயமெ வரேன்."