முப்பத்தாறாயிரம்

லாங் பஜாரில் தஸ்தகீர் பாய் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்கள்.
ஒன்று புதுசு,
பெட்டியில் இன்னும் தெர்மாகோல் வாசம்.
இன்னொன்று,
குடியாத்தத்துக் கல்யாண போட்டோகிராபர் ஒருவர்
போன வாரம் விற்றுவிட்டுப் போனது.
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.
என் சீட்டுப் பணமும் அவ்வளவுதான்.

'இது ஆரம்பநிலை. உங்களுக்கு இது போதும்மா.'

பதினோரு வருடமாக ஆம்பூரில்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
என் அட்டையில் இன்றைக்கும்
ஆபரேட்டர், கிரேடு இரண்டு.
ஆரம்பம் எந்த இடத்தில் முடிகிறதென்று
யாரும் எனக்குக் கோடு போட்டுக் காட்டியதில்லை.

புதுசைத் தூக்கிப் பார்த்தேன்.
சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸ் கனம்.
தலையில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் படங்கள்:
மலை. பூ. ஓடுகிற ஆள். பெண் முகம்.
நிலவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம்.
குறிஞ்சியில் தொடங்கி எண்ணிப் பார்த்தேன்,
பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை.
பாலைக்குப் படம் இல்லை.

'பாய், மே மாசம் பாலாத்துல எடுக்கணும்னா
எதுல வைக்கணும்?'

'ஆட்டோல வைங்க' என்று சிரித்தார்.

பழசில் படங்களே இல்லை. எழுத்துகள்தான்.
தோளில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல்,
உள்ளே மீட்டர் வட்டிக்காரன் நோட்டு மாதிரி எண்கள்.
வலக்கட்டை விரல் பதியும் இடத்தில்
ரப்பர் வழுவழுத்துப் போயிருந்தது.
அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தேன்.
கொஞ்சம் பெரிய விரல் அவருக்கு.

'ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் தடவை
தொறந்து மூடியிருக்கு.
ஒன்றரை லட்சம் தாங்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான்.
மேலயும் ஓடலாம். நாளைக்கே நிக்கலாம்.
பொய் சொல்ல மாட்டேன்.'

மிச்சம் முப்பத்தாறாயிரம்.
கணக்கு எனக்குப் பழக்கம்.
நாளைக்கு முந்நூற்று நாற்பது ஜோடி,
ஊசி முறிந்தால் அதற்கும் ஒரு கையெழுத்து.
தினம் பத்து எடுத்தால்
பத்து வருடத்துக்குக் கொஞ்சம் கம்மி.

எனக்கு வேண்டியது ஒரு ஐந்து நிமிடம்தான்.
ஷிப்ட் விட்டு கேட்டைத் தாண்டும் நேரம்.
பாதி டியூப்லைட், பாதி இருட்டு.
பையைத் திறந்து காட்டிவிட்டு
பிலோமினா முந்தானையை உதறுவாள்.
அதை போனில் எடுத்தால்
அவள் முகம் இருக்கிற இடத்தில் களிமண்.

கடைப்பையன் இர்பானை மாடிப்படிக்கு அடியில் நிற்க வைத்து
இரண்டிலும் எடுத்தேன்.
சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுதான்.
பெரிதாக்கிப் பார்த்தால்
புதுசில் அவன் கன்னத்தில் கல்லுப்பு,
பழசில் தூளுப்பு.
பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.
பழசைப் பிடித்த மணிக்கட்டு மட்டும்
மெஷின் நாளைப்போல விண்ணென்றது.

'சின்னதை எடுத்தா கூட ஒரு லென்ஸ் தர்றேன்.'
'பெருசை எடுத்தா?'
'பெருசை எடுத்தா ஒரு பை தர்றேன்.
நல்ல பை இல்ல.'

ஏன் அதை எடுத்தேன் என்று
பிலோமினா கேட்பாள். பதில் யோசித்து வைக்க வேண்டும்.
படம் போட்டுச் சொல்லாதது பிடித்திருந்தது என்றால்
மூக்குத்தி வாங்கியிருக்கலாம் என்பாள்.
சரிதான். வாங்கியிருக்கலாம்.

ஆம்பூர் பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல்.
பள்ளிகொண்டா தாண்டியதும்
தென்னைகளுக்கு நடுவே ஆறு தெரிந்தது.
மணல் அள்ளிய குழிகள், கருவேலம்,
ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிப்போகிற
யாரோ ஒருவர்.
எடுத்தேன்.

திரையில் முழுக் கறுப்பு.
எந்த எண்ணை எங்கே திருப்பினேனோ.
பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.

அழிக்கவில்லை.
முப்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துத்
தொண்ணூற்று ஒன்பது.
இல்லை,
இர்பானுக்கு ஒன்று கழிக்க வேண்டும்.