மூன்றாம் பாகம்

வில்லன் வாயைத் திறந்தான்.
சாட்ஸ்வர்த்தில் கரண்ட் போனது.
அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.

"நல்லதாப் போச்சு" என்றான் கோகிலன்,
பட்டறையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவன்.
"பறக்கத் தெரிந்தவன்
எதுக்கு ஒவ்வொரு தடவையும் கார் மேலேயே இறங்குறான்?
முப்பத்தேழு. எண்ணிட்டேன்.
பதினாறுக்குக் கூரையே மாத்தணும்.
ஒரு நாள் ஹிகின்சன் நெடுஞ்சாலையில வந்து சண்டை போட்டா
என் கடன் அடையும்."

திலோஷ்னிக்கு வேறு வழக்கு:
காற்றே இல்லாத வெட்டவெளியில் வெடித்த கப்பலுக்கு
சத்தம் எங்கிருந்து வந்தது?
சேகரன் விடவில்லை.
"முதல் பாகத்துல அவன் அழுதானே,
அந்த ஒரு அழுகைக்காக
இன்னும் பத்து பாகம் மன்னிப்பேன்."

மெழுகுவத்தி வெளிச்சத்தில்
பன்னி சௌவின் ரொட்டிச் சுவரைப் பிய்த்தபடி
பிரபஞ்சத்தைப் பங்கு போட்டார்கள்.
குழம்பு முழங்கை வரை வழிந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
எனக்குப் பிடித்தவள் வேறு ஒருத்தி.
பாலம் இடியும்போது
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.
ஒரு நொடி. வசனம் இல்லை.
மூன்று பாகத்திலும் தேடிவிட்டேன்,
வீடு போய்ச் சேர்ந்தாளா என்று.

பத்தேகாலுக்கு ஃபிரிட்ஜ் முனகியது.
டிவியில் வில்லன், விட்ட இடத்தில்,
திறந்த வாயோடு.
"பேசுடா" என்றான் சேகரன்.
அவன் பேசுவதற்குள்
எங்கிருந்தோ ஒரு கார் பறந்து வந்து விழுந்தது.
கோகிலன் விரலை நக்கிக்கொண்டே,
"முப்பத்தெட்டு."