பற்றுச்சீட்டு

மாங்குளம் சந்தியில் இறங்கி
ஒட்டுசுட்டான் பக்கம் நடந்தால்
மூன்றாவது மதகுக்கு அப்பால்
ஒரு நெற்களஞ்சியம்.
அதற்குள்தான் நான் பட்டதாரி ஆனேன்.

முதலில் நெல் இருந்தது.
பிறகு ஏழு வருசம் நாங்கள்.
இப்ப திரும்பவும் நெல்.
கரும்பலகையைக் கழற்றிப்போக முடியவில்லை,
அது சுவரோடு பூசிய சீமெந்து.
ஐந்தொகை போட்டுப் பழகிய இடத்தில்
யாரோ சோக்கால் எழுதியிருக்கிறார்கள்:
ஈரப்பதன் 14. கீரிச்சம்பா. 212 மூடை.

மூடப்போவதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
நாங்கள் ஏற்கெனவே வெளியேறியவர்கள்தானே.
கன்ரீன் நடத்திய பிலோமினா அன்ரிதான் எடுத்தா,
அதுவும் றொபின்சன் தரவேண்டிய பாக்கிக்காக
அவன் நம்பரைக் கேட்டு.
"லொறி வந்தது பிள்ளை.
அலுமாரியள் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போட்டினம்.
வாங்குகளை விட்டிட்டினம்."

அலுமாரி ஒன்றுக்குள் நான் இருந்தேன்,
மா.வ/கணக்/037.
கனகராயன்குளம் தாண்டேக்கை மழையாம்.
லொறியில் படங்கு இருந்ததோ தெரியாது.

பிரதேச சபையில் கணக்குப் பகுதிக்கு வெற்றிடம்.
பட்டத்தை உறுதிப்படுத்திக் கடிதம் வேண்டும் என்றார்கள்.
எழுதினேன்.
முதல் மாதம் பதில்: உங்கள் இலக்கம் எமது கணினியில் ஏறவில்லை.
அடுத்த மாதம்: அவ்வளாகம் தற்போது இயங்குவதில்லை
என்பதை அறியத் தருகிறோம்.
எனக்கே அறியத் தந்தார்கள்.
பிறகு நானே ரெலிபோன் எடுத்தேன்.
கெட்ட குரல் என்று சொல்ல மாட்டேன்,
பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம்:
"நீங்கள் மெயின் பிள்ளையோ, மாங்குளப் பிள்ளையோ?"

பட்டமளிப்புக்கு
விடியப்புறம் இரண்டு மணிக்கு வான் பிடித்து
பதினெட்டுப் பேர் போனோம்.
கடைசி நிரை.
பெயர் வாசித்தவர் களைத்துப் போயிருந்தார்,
கோகுலதாரணியைக் கோகுலதரன் என்றார்.
அவள் எழும்பிப் போய் வாங்கினாள்.
எந்தப் பிள்ளை என்று
அன்றைக்கு மேடையில் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு கடிதம்.
தடித்த தாள், பொன்னிற இலச்சினை.
"அன்புள்ள செல்லையா வினோதரூபி,
உங்கள் தாய்ப் பல்கலைக்கழகம் உங்களை மறக்கவில்லை.
விழா வளைவு கட்டும் பணிக்கு
உங்கள் பங்களிப்பை அன்போடு எதிர்பார்க்கிறது."
பெயரில் பிழையில்லை.
போன வருசம் போட்ட ஒழுங்கை இலக்கம்கூடச் சரி.
கீழே பொடி எழுத்தில்
மா.வ/கணக்/037.

கனநேரம் கையில் வைத்திருந்தேன்.
சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.
எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேருக்கும் வந்திருந்தது.
கட்டாரில் நிற்கிற யசிந்தனுக்கு
தாய் படம் பிடித்து அனுப்பியிருந்தா,
வைக்கவோ எறியவோ என்று கேட்டு.

அடுத்த நாள் வங்கியில் வரிசையில் நின்று
ஐந்நூறு ரூபாய் கட்டினேன்.
அந்த வளைவுக்குள்ளால் நான் போகப்போவதில்லை.
ஐந்நூறுக்கு எத்தனை கல் வருமோ, அதுவும் தெரியாது.
எனக்கு வேண்டியது பற்றுச்சீட்டு.

ஒன்பதாம் நாள் வந்தது.
"பழைய மாணவர்" என்று அச்சில் இருக்கிறது,
என் இலக்கம் இருக்கிறது,
நிதியாளரின் கையொப்பம், அதற்கு மேல்
ஊதா முத்திரை, கொஞ்சம் சரிந்து.

மூன்று பிரதி எடுத்தேன்.
ஒன்று பிரதேச சபைக்கு.
ஒன்று பதிவாளருக்கு, தலைப்பில் ஒரு வரி:
ஐயா, இவரை உங்கள் கந்தோரில் அறிவார்களாம்,
தயவுசெய்து விசாரிக்கவும்.

மற்றதைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனேன்.
காவலாளி அமலதாசன்
எங்கள் காலத்திலும் காவலாளிதான்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுதும் வாசித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
தாளைத் திருப்பி
அன்றைக்கு இறங்கிய மூடைகளை
பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.
பாதியில் நிமிர்ந்து,
"உதிலை வாங்கு கிடக்கு,
இரன் பிள்ளை" என்றார்.