வாடைக்குப் பழகிய கால்

கார்த்திகை முழுக்க மழை.
இரவு வேலை முடிந்து மா ஆலைக் கதவால் வெளியே வந்தால்
இமையில் மா, அதன்மேல் தூறல்,
பசை காய்ச்சலாம்.

சீனக்குடாவிலிருந்து நிலாவெளி,
அங்கிருந்து இறக்கக்கண்டிப் பாலம்.
போகும்போது வாடை
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்,
வாசலில் மறிக்கிற கடன்காரன் மாதிரி.
பின்சில்லு எறிந்த சேறு முதுகில் ஒரு கோடு.
"இந்தக் கோட்டுக்கு என்ன சம்பளம்?"
தோய்க்கும்போது சுகந்தினி கேட்டாள்.

உப்பளப் பாத்தியெல்லாம் ஒரே வெள்ளம்.
மீன்லொறி கடந்தால் வாயில் உவர்ப்பு.
ஒருநாள் குறுக்கே எருமை.
ஒருநாள் செயின் அறுந்து
நாலு கட்டை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

மாசி முதல் ஞாயிறு, போட்டி.
இருபத்தாறு பேர்.
முதுகு நம்பரைப் பிடித்த நாலு ஊசியில்
ஒன்று குத்திக்கொண்டே இருந்தது.
காற்று இல்லை.
தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை,
கடல் தட்டத்தில் ஊற்றிய எண்ணெய்.
மாரி முழுக்க எதை எதிர்த்துக் காலை முறுக்கினேனோ
அது வரவேயில்லை.

முன்னால் போனவர்கள் பாலத்தடியில் சிறுத்துப்போனார்கள்.
மிஞ்சியது நானும் கிண்ணியா றிஸ்மியும்.
பேச்சில்லை.
கொஞ்சம் அவன் முன்னே, கொஞ்சம் நான்,
இல்லாத காற்றை
ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு.
கோட்டில் அரைச்சில்லு அவன் முந்தினான்.
எனக்குப் பதினேழாம் இடம்.

போத்தலை நீட்டினான்.
"அடுத்தது மூதூர். காத்து இருக்குமாம்."
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
செயினில் இன்னும்
கார்த்திகை மணல்.