காற்று வாங்கிய கரி

கோவைக்குப் போன லாரி
வாலிநோக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டது.
பதினொரு டன். சீட்டில் ஒரே வரி:
'உலைக்குள் நிற்கவில்லை, நொறுங்குகிறது.'

கூரிச்சாமி ரோலரைச் சந்தேகப்பட்டான்.
செய்யது நைனா வெப்பமானியை.
முதலாளி என்னைப் பார்த்தார்.
கையெழுத்து என்னுடையது.
போன மாசத்து எண்ணையே
தூக்கக் கலக்கத்தில்
இந்த மாசத்துக்கும் எழுதியவள் நான்,
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மீட்டர் உயரம், கீழே இரும்புத் தகடு.
நாலு முறை கைவிட்டுப் பார்க்க வேண்டும்.
முதல் முறையிலேயே
கட்டி தன் வடிவத்தை மறந்து
தகடெங்கும் தூளாய்க் கிடந்தது.

ஒட்டாத கரி எழுபது பங்கு,
ஒட்டும் கரி முப்பது.
நானூற்று முப்பது டிகிரியில்
முப்பதுதான் இளகி எழுபதையும் பிடிக்கும்.
கொஞ்ச நேரந்தான்.
அதற்கு முன்னால் கல்,
பின்னாலும் கல்.
நடுவில் ரோலர் அழுத்திவிட வேண்டும்.

இளகவில்லை என்றால்?

ராத்திரி ஒரு கிராம் எடுத்து
மூசையில் இட்டு மூடிச் சுட்டேன்.
நல்ல கரி பணியாரம்போல் உப்பி வரும்.
திறந்தால்
போட்டது போட்டபடி, பொடி.

நாலு மாசமாக முற்றத்தில் கிடக்கிறது,
உப்பளத்தை ஒட்டி, நீலத் தார்ப்பாய் போர்த்தி.
மழைக்குப் பயந்து போர்த்தினோம்.
இந்தக் கரையில்
மழைக்குப் பயந்த ஆட்கள் நாங்கள்தான்.
கச்சான் அடித்த மூன்று மாசமும்
பாய் படபடத்ததைக் கேட்டுக்கொண்டே
டீ குடித்தோம்.

எடை குறையவில்லை.
மினுக்கம் போகவில்லை.
ஒட்டுகிற குணம் மட்டும் போயிருந்தது.

ஓர் ஆள் ஆழம் தோண்டச் சொன்னேன்.
உள்ளே கைவைத்த கூரிச்சாமி
வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.
'சுடுதுக்கா. தீயே வைக்கலையே!'

அடியில் அள்ளியது
மூசை மூடியைத் தூக்கிக்கொண்டு உப்பியது.
அந்த உப்பலைப் பார்த்து
எனக்கு ஏன் கண் கலங்கியது
என்று நைனா கேட்டார்.
புகை என்றேன்.
பிறகு, கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன்.

மேல் கரி முழுக்கச் செங்கல் சூளைக்கு,
பாதி விலை.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'காற்று' என்று எழுதினேன்.
முதலாளி இரண்டு தடவை வாசித்தார்.
'இதை யார் பேரில் பற்று எழுதுறது?'

நான் தார்ப்பாயில்
ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு வரை வந்தேன்.
பாய் மறுபடி படபடத்தது,
விட்ட இடம் தெரியவில்லை.