மேற்கே

கொல்ல வருடம் ஆயிரத்து நூற்றுப்பத்தில்
மலையாளத்தில் எழுதிய பிரமாணம்:
கிழக்கே தோடு,
வடக்கே அயினி மரம்,
தெற்கே றசலையன் புரயிடம்.
மேற்கைக் கரையான் தின்றிருந்தது.

ஐம்பத்தாறு நவம்பரில்
அந்த ஓட்டை வழியாகத்தான்
ஒரு மாநிலம் இறங்கிப் போயிருக்க வேண்டும்.

இப்போது அங்கே ரப்பர்.
பதினேழாம் மூடு தாண்டினால்
கேரளத்துக்கு நல்வரவு என்கிறது போன்.
பால் வெட்டும் லில்லிபாய்க்கு
விடியுமுன் நாலைந்து வரவேற்பு.

எல்லையை மதித்தது
நெய்யாற்று வாய்க்கால் தண்ணீர் ஒன்றுதான்.
மதகோடு நின்றுவிட்டது.

சங்கிலியைச் சுருட்டியபடி கேட்டேன்,
மேற்கே என்ன எழுத?

ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டே சொன்னாள்:
"எங்க அம்மைக்க கல்லறைன்னு எழுதும்.
அங்கோட்டுத் தலை வச்சு
இங்கோட்டுக் காலு நீட்டிக் கெடக்கா."