உயிர் உண்டு

மார்ச் முதல் வாரம்.
ஷிம்பாய்க்கு வடக்கே வயல்கள் எல்லாம்
தண்ணீருக்கடியில் கிடக்கின்றன.
மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை.
மண்ணைக் கழுவுகிறார்கள்,
அடிப்பிடித்த சட்டியை ஊறப்போடுகிற மாதிரி.

பெர்தேபாய்க்கு இந்த வருஷம் முறைத்தண்ணீர்
ஒன்றரை நாள்தான்.
நாலு நாளாவது நிற்க வேண்டும் உப்பு கீழே இறங்க.
பாதி கழுவிய மண்
வெயில் ஏறியதும் மறுபடி வெளுத்தது.
சாலையில் போகிறவர்கள்
பனி இன்னும் கரையவில்லை என்பார்கள்.

நூற்று நாற்பது ஆப்ரிகாட் கன்றுகள்.
நட்டு மூன்று வருஷம்.
கிளையைப் பிடித்துக் கணுவுக்குக் கணு
விரல் வைத்துப் பார்க்கிறாள் பீபிசாதா.
முதல் வருஷம் ஒரு விரற்கடை.
அடுத்த வருஷம் அவள் சுண்டுவிரல் நகம்.
போன கோடையில் வளர்ந்ததில்
ஒரு கோதுமை மணி படுக்க இடமில்லை.

ஓரம் கருகிச் சுருளும் இலை.
அடியில் இருக்கும் பழைய இலைகளில்
உப்பைக் கொண்டுபோய் அடைத்துவைத்து
ஜூலையிலேயே உதிர்த்துவிடுகிறது கன்று.
அதைக் கூட்டி அள்ளி
வேலிக்கு வெளியே கொட்டுவாள்,
அந்த உப்பாவது திரும்பி வராதிருக்கட்டுமென்று.
ஒருமுறை ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
யாரிடமும் சொல்லவில்லை.

வேரைச் சுற்றி ஈரம் இருக்கிறது.
பிடித்தால் உருண்டையாகிறது மண்.
குடிக்கத்தான் முடியவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே
தண்ணீரைக் குடித்தது ஆற்றின் மேலே,
கண்ணுக்கெட்டாத தூரத்துப் பருத்தி.
உப்பைத் தின்பது இது.

ஏப்ரலில் நூகுஸிலிருந்து கடன் அலுவலகத்து ஜியென்பாய் வந்தான்.
நகத்தால் பட்டையைக் கீறினான். பச்சை.
உயிர் உண்டு, என்று எழுதினான்.
அடுத்ததும் பச்சை.
பன்னிரண்டு கன்றுக்குக் குனிந்தவன்
மீதியை நின்றபடியே எழுதினான்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
உயிர் உண்டு. பட்டுப்போனது.
பட்டுப்போனதற்குத்தான் தவணை தள்ளிவைப்பார்கள்.

“மூன்று வருஷமாக முழங்காலைத் தாண்டவில்லையே”
என்றார் பெர்தேபாய்.
ஜியென்பாய் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.
“அதற்கு இடம் விடவில்லை, அண்ணே.”

அவன் வண்டிப் புழுதி அடங்கியபின்
ஏழாவது வரிசையில் ஒரு கன்று
ஐந்து பூ விட்டிருப்பதைப் பார்த்தாள் பீபிசாதா.
இந்த உடம்புக்குப் பிள்ளை ஒரு கேடு.
நாலைக் கிள்ளி மடியில் போட்டாள்.
ஐந்தாவதற்குக் கை போனது,
திரும்பி வந்தது,
மறுபடி போனது.